ஒன்று எண்ணுவதற்குள்

லியோனா கோஸ்டியுக் பள்ளி பஸ்ஸை விட்டுவிட்டு டீச்சராகப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு, அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து, "நெட்டி, நீயும்தானே சிரிச்சே?" என்று என் வாயை அடைக்க வேண்டாம்.

லிண்டல் தொடக்கப் பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வருகைப் பதிவு, தொலைபேசி, மூக்கில் வரும் ரத்தம், தொலைந்துபோன கையுறை எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். இதற்குள் தலைமையாசிரியர்கள் ஐந்து பேர் மாறிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்காது. தெரியாமல் நடந்தால் எனக்குத் தூக்கம் வராது. என் குணம் அப்படி.

லியோனா பதினேழு வருஷம் ஒன்பதாம் தடம் ஓட்டினாள். மைனஸ் முப்பத்தைந்து டிகிரியில் மற்ற பஸ்களெல்லாம் எஞ்சின் உறைந்து படுத்துவிட்டாலும், ஒன்பதாம் தடம் எட்டு நாற்பதுக்குப் பள்ளி வாசலில் வந்து நிற்கும். அதிலிருந்து இறங்கும் பிள்ளைகளை எனக்குத் தனியாகத் தெரியும். மற்ற பஸ் பிள்ளைகள் அடித்துக்கொண்டு இறங்குவார்கள். இவர்கள் ஏழாம் வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டு இறங்குவார்கள். கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, கணக்குக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறவள் அவள். சரளைக்கல் ரோட்டில் ஐம்பது நிமிஷம் பிள்ளைகளை வேறு எப்படித்தான் உட்கார வைப்பது என்பாள்.

அவள் கல்லூரிப் படிப்பை முடிக்க ஆறு வருஷம் ஆயிற்று. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மத்தியானம் மூன்றரைக்கு மறுபடி ஏற்றும்வரை பஸ் கொட்டகையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அச்சடிக்க வேண்டியதை என்னிடம் கொண்டு வருவாள். அது விதிப்படி தப்பு. நான் அச்சடித்துக் கொடுத்தேன். அப்போதெல்லாம் அன்றைக்குப் படித்த கோட்பாட்டை என் தலையில் கட்டாமல் போகமாட்டாள்.

"நல்லது பண்ணா உடனே ஸ்டிக்கர் குடுக்கணும், அப்ப குழந்தை திரும்பவும் பண்ணும்னு ஒரு கோட்பாடு, நெட்டி."

"இதுக்குக் காலேஜ் வேற வேணுமா? என் நாய்க்கே தெரியுமே இது."

"நாயை வச்சுத்தான்டி அதைக் கண்டுபிடிச்சாங்களாம்!"

இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அடுத்த மாதம் வேறொரு கோட்பாடு வந்தது. குழந்தை காலிப் பாத்திரம் இல்லை, நாம் ஊற்றி நிரப்புவதற்கு. அது தனக்குத் தெரிந்ததோடு புதியதைச் சேர்த்து, தானே கட்டிக்கொள்கிறது என்றது. அதற்கடுத்து, தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, டீச்சர் நிற்க வேண்டியது அங்கேதான் என்றது. இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் உறைகளில் தபால்தலை ஒட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் ஒன்று மட்டும் என் காதில் நின்றது. கேள்வி கேட்ட பிறகு டீச்சர் மூன்று வினாடியாவது வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது.

"மூணு செகண்டுதானே, அதுல என்ன பெரிசா?" என்றேன்.

"தண்டவாளத்துக்கிட்ட பஸ்ஸை நிறுத்தி, கதவைத் திறந்து, ரயில் வருதான்னு காது குடுத்துக் கேட்டுப் பாரு. அப்பத் தெரியும் மூணு செகண்டு எவ்வளவு நீளம்னு" என்றாள்.

தொழில் அறம் என்று ஒரு பாடமும் இருந்தது. ஆசிரியர் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு தாள். அதைத் தன் குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். அதில் ஐந்தாவது விதி இது: சக ஆசிரியரின் வேலையில் குறை கண்டால் முதலில் அவரிடமே சொல்ல வேண்டும்; அவரிடம் சொல்லாமல் வேறு யாரிடமும் சொல்லக் கூடாது.

"நம்ம ஊர்ல இதைக் கடைப்பிடிச்சா கூட்டுறவுக் கடையில காபியே விக்காது" என்றேன் நான். முதுகுக்குப் பின்னால் பேச ஓர் ஆள் கிடைக்காவிட்டால் அங்கே யார் உட்கார்ந்து காபி குடிப்பார்கள்?

கடைசிக் கட்டம் பயிற்சி. ஆறு வாரம் ஒரு வகுப்பில் முழுநேரம் இருக்க வேண்டும் என்பதால் பஸ்ஸை விட்டாக வேண்டும். டிசம்பர் கடைசியில் சாவியைக் கொடுத்தாள். ஒன்பதாம் தடம் அடுத்த நாளே வேறு ஆளுக்குப் போயிற்று; பதினேழு வருஷ மூப்பும் அதோடு போயிற்று. பயிற்சியில் தோற்றால் பஸ்ஸும் இல்லை, வகுப்பும் இல்லை. நாற்பத்து மூன்று வயதில் இப்படி ஒரு காரியத்தைச் செய்ய நெஞ்சழுத்தம் வேண்டும். எனக்கு அது கிடையாது. அதனால்தான் சிரித்திருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

ஜனவரியில் அவளை எங்கள் பள்ளியிலேயே நாலாம் வகுப்பில் போட்டார்கள். வழிகாட்டி ஆசிரியை காம்ரின் சிகர்ட்சன். வயது இருபத்தொன்பது. லியோனாவைவிடப் பதினான்கு வயது சின்னவள். காம்ரின் மோசமான டீச்சர் என்று நான் சொல்லப்போவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் வகுப்பு கலகலவென்று இருக்கும். கேள்வி பறக்கும், பதில் பறக்கும், பிள்ளைகள் நாற்காலியில் பாதிதான் உட்கார்ந்திருப்பார்கள். என் பிள்ளையை காம்ரின் வகுப்பில் போடுங்கள் என்று ஆகஸ்டிலேயே பெற்றோர் எனக்குப் போன் செய்வார்கள்.

பஸ் பிள்ளைகளுக்குத்தான் முதல் வாரம் குழப்பம். "லியோனா, என் தொப்பியைப் பாத்தியா?" என்று ஓடி வருவார்கள். "வகுப்புல நான் மிஸஸ் கோஸ்டியுக்" என்பாள் இவள். இரண்டு நாளில் பிள்ளைகளே அதை "மிஸஸ் கே" என்று சுருக்கிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வாரம் பயிற்சி ஆசிரியர் பாடம் எடுக்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எழுத வேண்டும். டீச்சர் எத்தனை கேள்வி கேட்டார், யார் பதில் சொன்னார் என்று கோடு போட வேண்டும். லியோனா போட்டாள். ஒரு கணக்கு வகுப்பில் காம்ரின் கேட்டது நாற்பத்தொரு கேள்வி. அதில் முப்பத்தெட்டுக்குப் பதில் சொன்னது அதே ஆறு பேர். கேள்விக்குப் பிறகு லியோனா மனசுக்குள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் காம்ரின் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டாள்.

ஷேலா ஃபிளெட் என்ற ஒன்பது வயதுப் பெண் ஒன்பது நாளாக ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. காம்ரின் அவளைக் கேட்காமல் இல்லை. கேட்பாள். ஷேலா கண்ணை மேலே தூக்குவாள். உடனே, "சரி, யாராவது ஷேலாவுக்கு உதவி பண்ணுங்க!" என்பாள் காம்ரின் சிரித்துக்கொண்டே. ஆறு கை எழும்பும். அந்தச் சிரிப்பில் கள்ளம் கிடையாது, பிள்ளை சங்கடப்படக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஷேலாவை இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு இறக்கும் படிவத்தை காம்ரின் நிரப்பி என் டிரேயில் போட்டிருந்தாள். தலைமையாசிரியர் கையெழுத்துக்காக அது காத்திருந்தது.

லியோனாவுக்கு அந்தப் பெண்ணை பஸ்ஸில் நாலு வருஷமாகத் தெரியும். அடுத்த நிறுத்தத்தில் இத்தனை பேர் ஏறி இத்தனை பேர் இறங்கினால் மிச்சம் எத்தனை என்று அவளே கேட்டு அவளே பதில் சொல்லிக்கொண்டு வருவாளாம். பதில் மெதுவாக வரும், ஆனால் தப்பாக வராதாம்.

இங்கேதான் லியோனா சறுக்கினாள். பயிற்சி மாணவர்கள் வாரா வாரம் கல்லூரி இணையப் பக்கத்தில் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும். கூடப் படிக்கிறவர்கள் படிப்பார்கள். லியோனா எழுதினாள். தான் பார்க்கும் வகுப்பில் ஒன்று எண்ணும் நேரம்கூட யாரும் காத்திருப்பதில்லை, ஒரு பெண் ஒன்பது நாளாக வாய் திறக்கவில்லை, அவளுக்குத் தெரியாதது கணக்கு இல்லை என்று. டீச்சர் பெயர் போடவில்லை. பள்ளி பெயர் போடவில்லை. குழந்தை பெயரும் இல்லை. பெயர் போடாவிட்டால் ரகசியம் காத்ததாகிவிடும் என்று நினைத்தாள். படித்த கோட்பாட்டின் சூடு ஆறுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு வகுப்பை அளக்கப் போவதும், பெயரை மறைத்தால் போதும் என்று நம்புவதும் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்புதான். ஆனால் எண்ணூறு பேர் இருக்கும் ஊரில் அதைச் செய்யக் கூடாது. கூடப் படித்த ஒரு பெண், காம்ரினின் ஒன்றுவிட்ட தங்கை. சனிக்கிழமை, பனிக்கட்டியில் கல்லைச் சறுக்கிவிடும் கர்லிங் ஆட்டத்தின் நடுவில், அதைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் காம்ரின் அலுவலகத்துக்கு வந்தாள். முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. "நெட்டி, அந்தக் காலேஜ் மேற்பார்வையாளர் நம்பர் குடுங்க" என்றாள். எதற்கு என்று கேட்பதற்குள், விளையாட்டு மைதானக் காவலை முடித்துவிட்டு லியோனா உள்ளே வந்தாள். புருவத்தில் பனி. காம்ரின் போனை அவள் முகத்துக்கு முன்னால் நீட்டினாள்.

"இது நீங்க எழுதினதா?"

லியோனா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். "ஆமா. நான் எழுதினதுதான்" என்றாள்.

"பேர் போடலையாம்! பேர் போடலைன்னா யாருக்கும் தெரியாதாக்கும்? நாப்பத்து மூணு வயசுல பஸ்ஸை விட்டுட்டு நாலாங் கிளாசுக்குப் பயிற்சிக்கு வந்தவங்க இந்த மாகாணத்துலயே எத்தனை பேரு?"

"ஒருத்திதான்."

"என் முகத்தைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லலை. தினமும் என்னோட உக்காந்து மத்தியானம் சாப்பிட்டீங்க. என் டப்பாவுலேருந்து பட்டர் டார்ட் எடுத்துத் தின்னீங்க. அப்புறம் போய் ஊருக்கு எழுதியிருக்கீங்க!"

நகல் இயந்திரத்தின் பக்கம் திரும்பி, இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடடி, ஆறு வருஷம் படித்திருக்கிறாய், வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

மன்னிப்புக் கேட்டாள். அதோடு நிறுத்தவில்லை.

"நான் பண்ணது தப்பு, காம்ரின். உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். என் ரிப்போர்ட் உங்க கையில இருக்கு, அதான் உங்ககிட்ட சொல்லாம தூரத்துல இருக்கறவங்ககிட்ட சொன்னேன். அது கோழைத்தனம். இப்பவே அழிச்சுடறேன். மேற்பார்வையாளருக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க."

"ஆனா எழுதினதுல இருக்கற எண்ணிக்கை தப்பில்லை. அதை இப்ப உங்ககிட்ட சொல்றேன். நீங்க காத்திருக்கறதில்லை. ஷேலாவுக்குக் கணக்கு வரும். அவளுக்கு நேரம்தான் வரலை."

காம்ரின் வெளியே போனாள். கதவு தானாக மூடும் வகை, இல்லாவிட்டால் அறைந்திருப்பாள். லியோனா என் மேஜையிலிருந்த போனை எடுத்தாள். மேற்பார்வையாளர் ஆல்வின் டேவ்ஸ் என்பவருக்குப் போன் போட்டு, தான் ஐந்தாவது விதியை மீறிவிட்டதாகத் தானே சொன்னாள். அவர் மறுமுனையில் வெகுநேரம் பேசினார். இவள் "சரிங்க, புரியுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னடி சொன்னாரு?"

"ஆறாவது வாரம் கடைசியா பாக்க வருவாராம். அன்னைக்கு காம்ரின் எழுத்துல என்ன குடுக்கறாளோ அதை வச்சுத்தான் முடிவாம். விதிமீறல்னு அவ எழுதினா நான் வீட்டுக்குப் போகணும்."

"பைத்தியக்காரி! மன்னிப்போட நிறுத்தியிருந்தா இந்நேரம் முடிஞ்சுபோயிருக்கும்" என்று கத்தினேன். மணி அடித்தது, அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாளிலிருந்து லியோனா பாடம் எடுக்க வேண்டிய கட்டம். காம்ரின் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாளாம். "நீங்க எண்ணினீங்கல்ல? இன்னைக்கு நான் எண்ணறேன்" என்றாளாம். மத்தியானம் லியோனா அந்தத் தாளோடு என்னிடம் வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"நெட்டி, முப்பத்தாறு கேள்வி. ஒண்ணுக்குக்கூட நான் 'ஒண்ணு' எண்ணற வரைக்கும் காத்திருக்கலை. அஞ்சு கேள்விக்கு நானே பதிலும் சொல்லிட்டேனாம்!"

"தண்டவாளத்துக்கிட்ட அவ்வளவு பெரிசா பேசினியே?"

"அங்க யாரும் என்னைப் பாத்துக்கிட்டிருக்கலையே. இங்க இருபத்திரண்டு ஜோடிக் கண்ணு. வாயை மூடினா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்குவாங்களோன்னு இருக்கு."

இதைக் கேட்டுக்கொண்டே காம்ரின் காபி எடுக்க உள்ளே வந்துவிட்டாள். கோப்பையை நிரப்பிக்கொண்டாள். பிறகு, எங்கள் இருவரையும் பார்க்காமல் சொன்னாள்: "என் முதல் வருஷம் ஒருத்தர் பாக்க வந்தாரு. வகுப்பு செத்துக் கிடக்குன்னு எழுதிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் அமைதின்னாலே எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்."

அதற்கு லியோனா ஆறுதல் சொல்லவில்லை, நல்ல வேளை. "அப்ப ரெண்டு பேரும் எண்ணுவோமா?" என்றாள். காம்ரின் தலையை ஆட்டினாள். கோபம் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன். பட்டர் டார்ட் டப்பா அதன் பிறகு மூன்று வாரம் மேஜைக்கு வரவேயில்லை.

ஆனால் எண்ணினார்கள். ஒருத்தி பாடம் எடுக்க, மற்றவள் பின்னால் கோடு போட்டாள். வாயை மூடிக்கொள்வது கற்றுக்கொள்ள வேண்டிய வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். ஜன்னலைப் பார்த்தார்கள். காம்ரின் சட்டைப்பைக்குள் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். பிள்ளைகளுக்கும் பழக்கம் மாற வேண்டியிருந்தது. விடை தெரிந்தவர்கள் கையைத் தூக்கக் கூடாது. கட்டைவிரலை நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். மற்றவர்களின் தூக்கிய கையைப் பார்த்தால் யோசிக்கிற பிள்ளை யோசனையை விட்டுவிடும் என்றாள் லியோனா. அந்த ஆறு பேருக்குத்தான் பாவம், முதல் வாரம் நெஞ்சே வெடித்துவிடும்போல் இருந்தது.

ஷேலா அப்போதும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் வாரம் முடியும்வரை இல்லை. லியோனா தினமும் அவளைக் கேட்டாள், தினமும் காத்திருந்தாள். அவள் தலையை ஆட்டினால், "சரி, பிறகு வரேன்" என்று சொல்லி, சொன்னபடி பிறகு வந்தாள். யாரையும் அவளுக்கு உதவக் கூப்பிடவில்லை. படிவம் என் டிரேயில் கையெழுத்தோடு திரும்பி வந்து கிடந்தது. வெள்ளிக்கிழமைத் தபாலில் அனுப்ப வேண்டும். ஆறாம் வாரம் புதன்கிழமை டேவ்ஸ் வந்தார்.

உயரமான மனிதர். நாலாம் வகுப்பு நாற்காலியில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்தார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்றைக்கு வருகைத் தாளை வாங்க நானே நேரில் போனேன். வழக்கமாக ஒரு பிள்ளை கொண்டு வந்து கொடுக்கும். வாங்கிய பிறகும் கதவோரம் நின்றுகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. லியோனா தன் பச்சை ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள், அவளிடம் இருப்பதில் நல்லது அதுதான். பலகையில் பெரோகிக் கொழுக்கட்டை வைக்கும் தட்டுகள் வரைந்திருந்தாள்.

"தேவாலய விருந்துல ஒரு தட்டுக்கு ஆறு பெரோகி. பதினாலு தட்டு இருக்கு. மொத்தம் எத்தனை பெரோகி?" என்று கேட்டாள். கொஞ்சம் விட்டு, "ஷேலா" என்றாள்.

எனக்கு லியோனாவின் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. வகுப்பில் இருபத்தொரு பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். பார்க்க வந்தவரின் முன்னால், ஐந்து வாரமாக வாய் திறக்காத ஒருத்தியையா கேட்பது?

சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்தேன். மூன்று. கட்டைவிரல்கள் ஒவ்வொன்றாக நெஞ்சுக்குப் போயின. ஐந்து. டேவ்ஸ் எழுதுவதை நிறுத்தினார். ஏழு. லியோனா ஒரு கையால் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள். பின்வரிசையில் காம்ரினின் வாய் திறந்தது. 'யாராவது' என்ற சொல் அவள் உதட்டுக்கு வந்துவிட்டது, நான் பார்த்தேன். அவள் தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது. ஷேலா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுபத்து..." என்றாள். நிறுத்தினாள். "இல்ல. யாரும் சொல்லாதீங்க. இருங்க."

இருந்தோம்.

"எண்பத்து நாலு."

லியோனா 'சபாஷ்' சொல்லவில்லை. ஸ்டிக்கரும் கொடுக்கவில்லை. "எப்படி வந்துச்சு?" என்று மட்டும் கேட்டு, மறுபடியும் காத்திருந்தாள்.

"பத்துத் தட்டுக்கு அறுபது. மிச்சம் நாலு தட்டு. நாலு ஆறு இருபத்து நாலு. முதல்ல நான் ரெண்டு தட்டைத்தான் கூட்டினேன், அதான் எழுபத்து ரெண்டு வந்துச்சு. அப்புறம் இன்னும் ரெண்டு தட்டு நிக்கறது தெரிஞ்சுது."

தன் தப்பைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்திய பிள்ளையை இரண்டாம் வகுப்புக் கணக்குக்கு அனுப்பப் பார்த்தோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கையெழுத்துக்காக அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனவளே நான்தான்.

டேவ்ஸ் அந்தச் சின்ன நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, "இந்த மாதிரிக் கணக்கெல்லாம் உனக்கு முன்னாடியே வருமாம்மா?" என்று கேட்டார்.

"வரும்" என்றாள் ஷேலா. "நான் சொல்றதுக்குள்ள வேற யாராவது சொல்லிடுவாங்க."

குறை சொல்வதுபோல் சொல்லவில்லை. வெளியே பனி பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள். காம்ரின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மணி அடித்த பிறகு மூன்று பேரும் அலுவலகத்தின் உள்ளறைக்கு வந்தார்கள். அந்த அறைக் கதவு சரியாக மூடாது. பழுது பார்க்கச் சொல்லி நான் இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை.

"பாடக்குறிப்புல அஞ்சு கேள்வி போட்டிருந்தீங்க. முடிச்சது ரெண்டு" என்றார் டேவ்ஸ்.

"ஆமாங்க. மூணு மிச்சம்" என்றாள் லியோனா.

"அது இருக்கட்டும். மிஸ் சிகர்ட்சன், அந்த இணையப் பக்க விஷயம். தொழில் அறம்னு ஒரு கட்டம் இருக்கு இதுல. ஏதாவது எழுத வேண்டியிருக்கா, இல்ல காலியா விட்டுடலாமா? காலியா விட்டாலும் தேர்ச்சிதான்."

காலியாக விடு தாயே என்று நான் இந்தப் பக்கம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"எழுதணும்" என்றாள் காம்ரின்.

உள்ளே பேனா ஓடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. நடுவில் ஒருமுறை வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் டிரேயிலிருந்த ஷேலாவின் படிவத்தை எடுத்து, நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு மறுபடி உள்ளே போனாள். பிறகு அந்த அறிக்கையை ஸ்கேன் செய்ய என்னிடம் கொடுத்தார்கள். நான் அதைப் படிக்கக் கூடாது. கண்ணாடியில் நேராக வைப்பதற்குப் பார்த்துத்தானே ஆக வேண்டும், பார்த்தேன். லியோனா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள், அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

தொழில் அறம் என்ற கட்டத்தில், கோட்டுக்கு வெளியேயும் போய், காம்ரின் எழுதியிருந்தது இது:

"இரண்டாம் வாரம் என் குறையை மற்றவர்களிடம் சொன்னார். அது விதிமீறல். மூன்றாம் வாரம் அதே குறையை என் முகத்துக்கு நேரே சொன்னார். தன் தேர்ச்சி என் கையில் இருக்கிறது என்று தெரிந்தே சொன்னார். தன்னிடமும் அதே குறை இருப்பதை நான் காட்டியபோது, மறுநாளிலிருந்து திருத்த ஆரம்பித்தார். ஆறு வருஷமாக நான் பாடம் எடுக்கிறேன். இதற்கு முன் என்னிடம் இதைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஐந்தாம் வகுப்பு இடம் ஜூனில் காலியாகிறது. எனக்கு அடுத்த அறை. இவருக்குத் தேர்ச்சி கொடுத்து அங்கே போடுங்கள்."

லியோனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். பதினேழு வருஷத்தில் அவள் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கோ, இவள் என் சினேகிதி என்று ரோட்டில் போகிறவர்களை நிறுத்திச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஏதாவது சொல்லித் தேற்ற வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டு, அவளாகத் திரும்பும்வரை காத்திருந்தேன்.